ஒரு வரி கீழே பெய்த மழை

மேகத்தைப் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது எப்படியும் வந்துதான் ஆகவேண்டும். வேறு வழி அதற்குத் தெரியாது. வாசலில் நின்றுகொண்டால் போதும். கணவாயின் இந்தப் பக்கத்தில் வரிசையாகக் கோபுரங்களை நட்டு, ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஏற்றி, வருகிற மேகத்தின் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால், காட்டிய திசையில் ஆட்டுக்குட்டி மாதிரி போகும். முதல் வருடம் மட்டும் இரண்டொரு மேகம் மிரண்டுபோய், கட்டை அறுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடிவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு பழகிவிட்டன.

சிரமம் எல்லாம், பிடித்த மேகத்தை யாருக்கு விடுவது என்பதில்தான். அதற்காகத் தாராபுரத்தில் மேகப் பங்கீட்டு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய சீமை அது. மழைக்கும் அதே மாதிரி முறை வைத்துக்கொண்டார்கள்: எந்த ஊரில் எத்தனை ஏக்கர் பாசன நிலமோ, அந்த ஊருக்கு அதற்கேற்ற மழை. நிலம் இல்லாத ஊருக்கு மழை இல்லை. கேட்டுப் பார்த்தபோது எல்லாரும் அது நியாயம்தான் என்றார்கள். கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் நிலம் வைத்திருந்தார்கள்.

அந்த அலுவலகத்தின் மொத்த வேலையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நடந்தது. அடுத்த மாவட்டத்துக்காரர்கள் கம்பி வழியாக வந்து மேகத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அதற்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை. ஆகவே மேசைமேல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கென்றே மென்பொருள் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. உடுமலையில், ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் அப்படி ஓர் ஆள் இருந்தாள். பெயர் மரகதமணி.

அவள் எழுதியதில் மிகவும் கஷ்டப்பட்ட இடம் ஒன்று உண்டென்றால், அது ஊர் தேர்ந்தெடுக்கும் ட்ராப் டவுன். ஒரு சின்னப் பெட்டி, அதன் ஓரத்தில் ஒரு முக்கோணம். முக்கோணத்தை அழுத்தினால் ஊர்ப்பெயர்கள் எல்லாம் சரசரவென்று கீழே இறங்கி நிற்கும். ஒன்றைத் தொட்டால் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை சுருட்டிக்கொண்டு மேலே போய்விடும். கடையில் வாங்கின மாதிரி ஆயத்தமாகக் கிடைக்கும் ட்ராப் டவுன் அந்தச் சீமைக்குச் சரிப்படவில்லை. ஊர்ப்பெயர்கள் நீளமானவை, பாதியில் வெட்டுப்பட்டு, எல்லா ஊரும் வெறும் ‘சின்ன’ என்றும் ‘பெரிய’ என்றும் நின்றன. மணி ஒவ்வொரு வரியையும் தானே வரைந்தாள். பெயர், அதன் பக்கத்தில் அந்த ஊருக்கு இதுவரை பெய்த மழைக்கு நீலத்தில் ஒரு கோடு. திரையின் அடியில் இடம் இல்லாவிட்டால் மேல்நோக்கி விரியவேண்டும். வேறெங்காவது தொட்டால் மரியாதையாக மூடிக்கொள்ளவேண்டும். இதற்கெல்லாம் அவள் பட்ட பாட்டை அவளும் மாவு மில்லும்தான் அறியும்.

நல்ல ட்ராப் டவுனுக்கு அடையாளம் அதை யாரும் கவனிக்காதிருப்பது. அவளுடைய இத்தனை வருடத் தொழிலில் ஒருவர்கூட, ‘உங்கள் ட்ராப் டவுன் நன்றாக இறங்குகிறது’ என்று சொன்னதில்லை. கதவின் கீலை யார் பாராட்டுகிறார்கள்?

அந்தப் பருவத்தின் நடுவில் ஒரு காலையில், அலுவலக அதிகாரி திருவேங்கடம் அவளைப் போனில் கூப்பிட்டார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மழையைப் பற்றிப் பேசும்போதுகூட வியர்வையைத் துடைத்துக்கொள்பவர்.

“மேடம், உங்க சாஃப்ட்வேர்ல தப்பு எதுவும் இல்லைன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போயிடுங்க. நம்ம ஆபரேட்டர் ஆறுச்சாமியை வீட்டுக்கு அனுப்பணும்.”

“ஏனுங் சார், என்ன பண்ணுனாரு?”

“மழையை வித்துட்டார்.”

சங்கதி இதுதான். புதிய ட்ராப் டவுன் வந்ததிலிருந்து, ஆறுச்சாமி வேலை பார்க்கும் நாட்களில் மழை தப்பான ஊரில் பெய்துகொண்டிருந்தது. முறைக்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். சம்பந்தமே இல்லாத ஊரில், களத்தில் காய்ந்த தேங்காய்ப் பருப்பு மிதந்து போகும். ஓர் ஊரில் கல்யாணப் பந்தலே நனைந்து மாப்பிள்ளை வீட்டார்மேல் படுத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேட்டுவன்காட்டுக்குப் போகவேண்டிய மழை, மறுபடியும் மறுபடியும் வேலாங்கரட்டில் போய் விழுந்தது. வேலாங்கரடு ஒரு பாறைமேடு. அங்கே இருப்பவர்கள் கல் உடைத்தவர்கள். ஒரு சென்ட் பாசன நிலம் இல்லாதவர்கள். முறையே இல்லாத ஊர். கம்ப்யூட்டரைக் கேட்டால் அது ஒளிவுமறைவு இல்லாமல், ‘ஆறுச்சாமி தேர்ந்தெடுத்த ஊர்: வேலாங்கரடு’ என்றது. இன்னோர் ஆபரேட்டரான சதாசிவத்தின் நாட்களில் மழை ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. இதற்குமேல் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது?

மணி தாராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்குப் போனபோது, ஆறுச்சாமி வண்டிகள் நிறுத்துமிடத்தில், ஒரு மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, சட்டையின் மேல் பித்தானைக்கூடப் போட்டிருக்கும் மனிதர்.

“ஏனுங்கண்ணா, வெளிய உக்காந்திருக்கறீங்க?”

“நான் உள்ள வந்தா மேகம் கெட்டுப்போயிருமாமா, அம்மிணி.”

“டீயாவது குடிச்சீங்களா?”

“பேக்கரிக்குப் போனா, ‘வாங்க மழை யாவாரி, எங்க தோட்டத்துக்கு ஒரு கொடம் ஊத்திட்டுப் போங்க’ங்கறாங்க. டீ எறங்க மாட்டீங்குது.”

அவள் நேராகவே கேட்டாள். “வித்தீங்களாண்ணா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “விக்கறதுன்னா வாங்கறதுக்கு ஒருத்தன் வேணுமில்லீங்களா? கரட்டுக்காரங்ககிட்ட என்ன இருக்குது எனக்குக் குடுக்கறதுக்கு? கல்லு வேணா குடுப்பாங்க. அந்த ஊரு எந்தத் தெசைல இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. நான் வேட்டுவன்காட்டத்தான் தொட்டேன். சத்தமா சொல்லித்தான் தொட்டேன். பொறவு அது ஏன் அங்க போச்சுன்னா, எனக்கே என்மேல சந்தேகமா இருக்குது அம்மிணி. தூக்கத்துல நடக்கறவன் மாதிரி, நான் என்னைய அறியாம செஞ்சுபோட்டனோ என்னமோ.”

திருடன் என்று ஊர் சொல்வது ஒன்று. தான் திருடனோ என்று ஓர் ஆள் தன்னையே கேட்டுக்கொள்வது வேறு.

“உள்ள வாங்கண்ணா. எப்பவும் செய்யற மாதிரி ஒருக்கா செஞ்சு காட்டுங்க,” என்றாள்.

கோபுரங்களுக்குப் போகும் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, திருவேங்கடமும் சதாசிவமும் சுற்றி நிற்க, ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். முக்கோணத்தை அழுத்தினார். பட்டியல் அழகாக இறங்கியது. “வேட்டுவன்காடு,” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்த வரியைத் தொட்டார். பட்டியல் மூடிக்கொண்டது. பெட்டியில் வேட்டுவன்காடு என்றுதான் இருந்தது. மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். பக்கத்தின் அடியில் எச்சரிக்கைகள் இருந்தன. இடி, மின்னல், பறவைக்கூட்டம், ஊர்த்திருவிழா எல்லாவற்றையும் கவனித்தாயிற்றா என்பதை, மேகத்தை விடுமுன் ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரை படிக்கவேண்டும் என்பது விதி. ஆறுச்சாமி விரலை வைத்துப் படித்தார். பிறகு ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினார்.

‘வேலாங்கரட்டுக்கு மழை அனுப்பப்பட்டது,’ என்றது கம்ப்யூட்டர்.

“பாத்தீங்களா மேடம்,” என்றார் திருவேங்கடம். “கண்ணெதிர்லயே விக்கிறார்.”

மணி இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். இந்தத் தடவை அவள் ஆறுச்சாமியின் விரலைப் பார்க்கவில்லை. மேலே நகர்ந்து போய்க்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்தாள். திரையின் உச்சியில் போய் மறைவதற்கு முன், கண் சிமிட்டுகிற மாதிரி, அதில் இருந்த பெயர் மாறியது.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

“தப்பு என்னுதுங்க சார்,” என்றாள்.

“என்னது?”

“சக்கரத்த உருட்டுனா பக்கந்தான நகரோணும்? ஆனா ஊரத் தொட்ட கையோட உருட்டுனா, மொத உருட்ட ட்ராப் டவுன் வாங்கிக்குது. ஒரு வரி கீழ எறங்கிக்குது. அதுக்குள்ள பக்கம் நகந்து, பெட்டி மவுஸ உட்டு வெலகிப் போயிருது. மிச்சம் உருட்டறதெல்லாம் பக்கத்துக்கே போயிருது. அதனால கரெக்டா ஒரே ஒரு ஊரு தள்ளுது. வேட்டுவன்காட்டுக்கு அடுத்த வரி வேலாங்கரடு.”

நடுவில் வேப்பம்பாளையம் என்று எவராவது ஓர் ஊருக்குப் பெயர் வைத்துத் தொலைத்திருந்தால், மழை அங்கே போயிருக்கும். எவருக்கும் தோன்றவில்லை.

“அப்படின்னா சதாசிவம் நாள்ல மட்டும் ஏன் சரியா போகுது?” என்றார் திருவேங்கடம்.

மணி சதாசிவத்தைப் பார்த்தாள். “நீங்க எச்சரிக்கையெல்லாம் படிக்கறீங்களாண்ணா?”

சதாசிவம் கூரையைப் பார்த்தார். “அது மனப்பாடமுங்க,” என்றார். “சக்கரத்தத் தொட மாட்டேன். கீபோர்டுல டேப் பட்டனத் தட்டித்தட்டி நேரா அனுப்பறதுக்குப் போயிருவேன்.”

விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் திருடன் ஆனதும், கடைப்பிடிக்காதவன் யோக்கியன் ஆனதும் அந்த அறையில் இருந்தவர்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. முதலில் பேசியவர் ஆறுச்சாமி.

“அப்ப நான் இல்லீங்களா, அம்மிணி?”

“நீங்க இல்லீங்கண்ணா. மன்னிச்சுக்கோங்க. சக்கரத்த வெச்சு நான் சோதிச்சுப் பாத்திருக்கோணும்.”

“மன்னிப்பெல்லாம் எதுக்குங்க,” என்றார். “தூக்கத்துல நடக்கற வியாதி இல்லைன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கோயில் கட்டோணும்.”

அவர் எழுந்து நேரே பேக்கரிக்குப் போனார். ஒரு டீயைக் குடித்துவிட்டு, யாரும் எதுவும் சொல்வதற்குமுன் இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்.

திருவேங்கடத்துக்கும் நிம்மதிதான். ஆனால் நிம்மதி வந்தவுடன் அவருக்கு நிர்வாகம் ஞாபகம் வந்துவிடும். “தப்பைச் சரிபண்ணிடுங்க மேடம். அப்படியே, முறை இல்லாத ஊரையெல்லாம் பட்டியல்ல மங்கலாக்கிடுங்க. தொட்டாலும் தேர்வாகக் கூடாது. வேலாங்கரடு மாதிரி ஊரெல்லாம் சும்மா பேருக்கு இருந்தா போதும்.”

ஒரு வரியை மங்கலாக்குவது ட்ராப் டவுன் எழுதுகிறவர்களுக்கு மூக்கைச் சொறிவது போன்ற வேலை. மணி சரி என்று தலையாட்டிவிட்டாள். வெளியே வந்தபோது, டீ குடித்த தெம்பில் ஆறுச்சாமி மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, நான் வித்த ஊர ஒருக்கா பாத்துட்டு வரலாம்னு இருக்கறேன். வாறீங்களா?”

ரோடு தீர்ந்து, வண்டித்தடம் தீர்ந்து, ஆட்டுத்தடமும் தீர்ந்த இடத்தில் வேலாங்கரடு இருந்தது. கரட்டின் உச்சியில் ஓட்டு வீடுகள் கொஞ்சம், தகர வீடுகள் கொஞ்சம். அவற்றின் நடுவே, கல் எடுத்துக் கைவிட்ட பெரிய குழி ஒன்று. குழி நிறையத் தண்ணீர். அதைச் சுற்றி ஊரே இருந்தது: துவைப்பவர்கள், குளிப்பாட்டுகிறவர்கள், சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பாறை இடுக்குகளில் எல்லாம் யாரும் விதைக்காத புல் முளைத்திருந்தது. மழை பெய்த மறுநாளே அந்தக் குழியில் மீன் வந்துவிட்டதாக அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். வானத்திலிருந்தா, பாறையிலிருந்தா என்று கேட்டதற்கு, நாங்கள் விசாரிக்கவில்லை, குழம்பு வைத்துவிட்டோம் என்றார்கள்.

பழனாத்தாள் என்ற பெண்மணிதான் அங்கே பேச்சுக்கு முன்னால் வருகிறவர். சுத்தியல் பிடித்துக் காய்த்த கை. மேகப் பங்கீட்டு அலுவலகம் என்று ஆறுச்சாமி சொன்னதும், அந்தக் கை இரண்டும் குவிந்துவிட்டன.

“எந்தப் புண்ணியவானோ ஒருத்தரு ஆப்பீசுல இருக்கறாரு, எங்களையும் ஆளா நெனச்சு அனுப்பறாருன்னு பேசிக்குவமுங்க. கீழ இருந்து தண்ணி சொமந்து சொமந்து எங்க பொண்டு புள்ளைகளுக்கு கழுத்தே உள்ள போயிருச்சுங்க. நீங்கதானா சாமி அது?”

இத்தனை நாள் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய ஆறுச்சாமி, இப்போது செய்யாத புண்ணியத்துக்குக் கும்பிடு வாங்கிக்கொண்டு நின்றார். இரண்டில் இதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மணி சொன்னாள். “யாரும் அனுப்புலீங்கக்கா. என் வேலைல ஒரு பெசகு. கீழ வேட்டுவன்காட்டுக்குப் போறது இங்க வந்துருச்சு.”

பழனாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பெசகா?”

“ஆமாங்க.”

“செரி. பெசகோ, செரியோ, பேஞ்சதத் திருப்பி மேல அனுப்ப முடியுமா கண்ணு? நல்லாப் பெசகுன போ. உக்காரு, சாப்புட்டுட்டுப் போலாம்.”

மீன் குழம்பு போட்டார்கள். மணி சாப்பிட்டு முடித்து, அந்தக் குழித் தண்ணீரிலேயே கை கழுவும்போது பழனாத்தாள் கேட்டார். “இனிமேலு அந்தப் பெசகு வருமா கண்ணு?”

தண்ணீரில் ஆடிய தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மணி. “வராதுங்கக்கா,” என்றாள்.

பழனாத்தாள் அவள் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தார். “இத்தன நாளுக்குக் கெடச்சுது. அதுக்கே உனக்குக் கோடி புண்ணியம்,” என்றார். ஊருக்குத் திரும்பி வந்தபிறகு மணிக்குத் தூக்கம் கெட்டுப்போனது அந்த வார்த்தையால்தான். திட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்.

சக்கரத்தின் கோளாறைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது. மங்கலாக்க இன்னொரு வரி. இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு அவள் தாராபுரம் போன அன்று, அலுவலக வாசலில் கூட்டம். பேக்கரி வழியாகச் சங்கதி தெரிந்துகொண்டு வந்த வேட்டுவன்காட்டு விவசாயிகள். எல்லாருக்கும் முன்னால் நாச்சிமுத்து நின்றார். அந்த ஊரில் பெரிய தோட்டக்காரர். மழை வரவில்லை என்று முதலில் புகார் சொன்னவரும் அவர்தான்.

மணி மன்னிப்புக் கேட்கத் தயாராக உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் நாச்சிமுத்து, “இந்த அம்மிணிதானுங்களா அது?” என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டார்.

“அம்மிணி, அந்தத் தப்பச் சரி பண்ணிப்போடாதீங்க.”

திருவேங்கடம் வியர்வையைத் துடைத்தார். “காலைல இருந்து இதையேதான் சொல்றாங்க மேடம்.”

“பின்ன என்னங்க,” என்றார் நாச்சிமுத்து. “எங்க பூமில பேயற மழை ரெண்டு நாள் வெயில்ல காணாமப் போயிரும். கரட்டு மேல பேஞ்சுது பாருங்க, அது பாறைக்குள்ள பூந்து, வெடிப்பு வெடிப்பா எறங்கி, எங்க கெணத்துல வந்து ஊறுது. எங்கய்யன் காலத்துல மூடுன ஊத்துக்கண்ணெல்லாம் தொறந்துக்கிச்சு. மோட்டாரு போட்டா ராவும் பகலும் ஓடுது. சம்சாரம் கெணத்துல எட்டிப் பாத்துட்டு, இது நம்ம கெணறுதானான்னு கேக்கறா.”

“அதுக்குன்னு முறை இல்லாத ஊருக்கு நான் மழை விட முடியுமா? விதி இருக்கே,” என்றார் திருவேங்கடம்.

“எங்க பேரையே தொடுங்க. தொட்டுப்போட்டு, சக்கரத்த ஒரு உருட்டு உருட்டுங்க. எச்சரிக்கை படிச்சாப்டியும் ஆச்சு, மழை போகோணுங்கற எடத்துக்குப் போனாப்டியும் ஆச்சு. விதிக்கு என்ன கொறஞ்சுபோச்சு?”

அறையில் எல்லாரும் அதிலே ஓட்டை தேடினார்கள். கிடைக்கவில்லை. திருவேங்கடம் மணியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “மேடம், இந்தத் தப்பை இந்த ரெண்டு ஊருக்கு மட்டும் வெச்சுக்கிட்டு, மத்த ஊருக்கெல்லாம் எடுத்துட முடியுமா?”

“முடியுமுங்க சார். ஆனா மாட்டேனுங்க.”

“ஏம்மா?”

“நேத்து வரைக்கும் அது தப்பு. இன்னைக்கு நான் உக்காந்து எழுதுனா அது பொய்யி. தொட்டது ஒரு ஊரு, போறது ஒரு ஊருன்னு ஆறுச்சாமியண்ணன் பேர்லதான மறுபடியும் பதிவாகும்? அடுத்த அதிகாரி வந்து கேட்டா அவர்தான் பதில் சொல்லோணும். ஒருக்கா அவரு வெளிய உக்காந்தது போதுமுங்க.”

ஆறுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

திருவேங்கடத்துக்கு ஒரு யோசனை வந்தது. “சரி, இப்படிச் செய்வோம். முறை வேட்டுவன்காட்டுது. தங்களோட மழையை எங்க இறக்கணும்னு முறைக்காரங்க சொல்லக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. இவங்க கரட்டுல விடச் சொல்லட்டும், நான் விடறேன். கரட்டுக்காரங்க இவங்களுக்கு நன்றி சொல்லிட்டு அனுபவிக்கட்டும்.”

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அப்போது வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. பழனாத்தாள். மணிக்கு ஒரு தூக்குப்போசியில் மீன் குழம்பு கொண்டுவந்தவர், விவரம் கேள்விப்பட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்.

“நன்றி சொல்றதுல எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க,” என்றார். “இந்தப் புள்ளைக்குச் சொன்னேன். அந்தக் கண்ணாடிக்காரருக்கும் சொன்னேன். வேட்டுவன்காட்டுக்காரங்களுக்கும் சொல்றோம். ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. இவிங்க கெணத்துக்குத் தண்ணிய எறக்கி விடறது எங்க கரடு. இன்னைக்கு நேத்தா எறக்குது? இவிங்க பாட்டன் பூட்டன் குடிச்சதும் அந்தத் தண்ணிதான். அதுக்கு எங்கூரு பக்கம் திரும்பி யாராச்சும் ஒருக்கா கும்புட்டிருக்காங்களா?”

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் வழக்கமாக, பதில் சொல்லுமுன் ஒரு தடவை கனைத்துக்கொள்வார். கனைத்தார். பிறகு, “அதுவும் ஞாயந்தான்,” என்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பழனாத்தாளைப் பார்த்துக் கையெடுத்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கையெடுத்தார்கள். பழனாத்தாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. “அட, போதுமுங்க, கைய எறக்குங்க,” என்றார்.

மணிக்கு அந்த நேரத்தில்தான் பட்டியல் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவள் வரைந்த பட்டியல் அல்ல, வேறு ஒன்று.

“சார், ஊரெல்லாம் அகராதி வரிசைல இருக்குது. அகராதிக்கும் மழைக்கும் என்னங்க சம்பந்தம்? தண்ணி எறங்கற வரிசைல வெச்சா என்னங்க? யாருக்கு யாரு மேல இருக்கறாங்களோ அவிங்க மேல் வரில. மேல விட்டாலும் கீழ இருக்கறவங்களுக்கு விட்டதாத்தான அர்த்தம்? அப்பறம் முறை இருக்கற ஊரு, இல்லாத ஊருன்னு எதுக்கு மங்கலாக்கோணும்?”

திருவேங்கடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கல்லூரியில் நீர்ப்பிடிப்பைத்தான் படித்தவர். அரசாங்க வேலைக்கு வந்த பிறகு அதைப்பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று மாலை வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் மண்டியிட்டு, எந்த ஓடை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று விரலால் ஓட்டிக்கொண்டு போனார். வியர்வையைத் துடைக்க மறந்துவிட்டார்.

கீழ் ஊரின் முறை மழையை அதற்கு மேல் ஊரில் இறக்கலாம் என்று ஆனது. புதிய பட்டியலில் ஒரு விசேஷம் இருந்தது. நிலம் இல்லாத ஊர்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. பாறை, மேய்ச்சல் காடு, கல்குழி. நல்ல மண் பள்ளத்தில்தானே தங்கும்? பள்ளத்தைப் பிடித்தவர்கள் நிலக்காரர்கள் ஆனார்கள். மேட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் தலைமாட்டில் இருந்தார்கள். மணி அதை எழுதவில்லை. தண்ணீர் எழுதியிருந்தது.

ட்ராப் டவுனைத் திறந்து பார்த்தவர்களுக்கு, தங்கள் பெயருக்கு மேல் யார் பெயர் இருக்கிறது என்பது முதல் தடவையாகத் தெரிந்தது. சில ஊர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் ஊர்க்காரர்கள், பக்கத்து ஊருக்குக் கீழ் வரியில் தாங்கள் இருப்பதா என்று ரோஷப்பட்டு, எல்லையில் மண்ணைக் கொட்டி ஊரை ஒரு முழம் உயர்த்தினார்கள். மண் எடுத்த இடம் குழியாகி, அடுத்த மழையில் ஏரியாகிவிட்டது. பிறகு உயரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுப் பரிசல் வாங்கினார்கள். மற்றபடி பெரும்பாலான ஊர்களில், பருவத்தின் முதல் மழைக்கு மறுநாள், கீழ் வரிக்காரர்கள் தேங்காய் பழத்தோடு மேல் வரிக்காரர்களைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. வேலாங்கரட்டுக்கு நாச்சிமுத்து வண்டி நிறையத் தேங்காயோடு போனார். அவர் போனதால் ஆட்டுத்தடம் வண்டித்தடமானது.

மென்பொருளை ஒப்படைத்த அன்று, திருவேங்கடம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சக்கரத்தை உருட்டினார், பெயர் அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஒரு சந்தேகம் கேட்டார்.

“சாஃப்ட்வேரைத் திறந்ததும், நாம எதையும் தொடாதப்பவே, பெட்டியில ஏதோ ஒரு ஊர் பேர் இருக்குதே மேடம்?”

“ஏதாவது ஒண்ணு இருந்துதான ஆகோணும் சார். மொத வரி தானா வந்து உக்காந்துக்கும். எல்லா ட்ராப் டவுன்லயும் அதுதான் வழக்கம்.”

“முதல் வரி எது?”

“வேலாங்கரடு.”

திருவேங்கடம் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கணவாய்ப் பக்கத்திலிருந்து, முறை எதிலும் சேராத ஒரு சின்ன உதிரி மேகம், தனியாக வந்துகொண்டிருந்தது. பருவத்தில் அப்படிச் சில வரும். யாருக்கும் உரிமை இல்லாத அவற்றை, ஆபரேட்டர் தமக்குத் தோன்றிய ஊருக்கு விட்டுவிடலாம்.

“வழக்கம்னா வழக்கம்தான்,” என்றார் அதிகாரி. “ஆறுச்சாமி, அதைக் கொஞ்சம் பாருங்க.”

ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். எச்சரிக்கையைக் கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினார். அழுத்திய பிறகுதான், “அடடா, ஊரத் தேர்ந்தெடுக்க மறந்துட்டனுங்களே,” என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதையும் மறந்தறியாத மனிதர். அந்தப் பருவத்திலிருந்து, உதிரி மேகம் வரும் நாட்களில் மட்டும் அவருக்கு இந்த மறதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அலுவலகத்தில் யாரும் வற்புறுத்தவில்லை.